ஜப்பான் அண்ணனின் இப்போன்

அண்ணே,

இன்று காலை முட்டிக்குப் பிளாஸ்திரி ஒட்டினேன். காகிதத்தை உரித்ததும் கற்பூரமும் புதினாவும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறியது. உடனே நீங்கள் வந்துவிட்டீர்கள், இரண்டு முட்டியிலும் வெள்ளைச் சதுரங்களோடு. ரூம்காரர்கள் முகம் சுளித்தார்கள்; எனக்குச் சிரிப்பு வந்தது. போன மாதம் உங்கள் மகள் போன் செய்து, அப்பா போய்விட்டார் என்று சொன்னபோது, இனி உங்களை நினைத்தால் அழுகைதான் வரும் என்று நினைத்தேன். அழுதேன்தான், ஒரு நாள். மறுநாள் நீங்கள் மேல் கட்டிலில் படுத்திருந்த கோலம் நினைவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கே அழுவது?

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. கத்தாரில், நம் ராஸ் லஃபான் கேம்புக்குப் பின்னால் மணலைச் சமன் செய்து, சாரக்குழாய் இரண்டை நட்டு, வாலிபால் நெட் கட்டியிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்கள் ஜீப்பை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தீர்கள். பந்து உங்கள் பக்கம் பறந்தது. விரல் நுனியில் வாங்கித் திருப்பி அனுப்பினீர்கள். எங்கள் ஸ்மாஷர் அந்தோணி, தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன், வாயைப் பிளந்தான். "எலே, பாத்தியளா, அந்தாளு கையில பந்து சத்தமே போடல!"

உங்கள் கதையைப் பாதி உடைந்த ஆங்கிலத்திலும், வேலை சைட்டில் பழகிய கொஞ்சம் இந்தியிலும், மிச்சத்தைக் கையாலும் சொன்னீர்கள். ஜப்பானில் பனி கொட்டும் வடக்கு ஊர். பள்ளிக்கூடத்திலிருந்தே பந்தைத் தூக்கிக் கொடுக்கும் ஆள், எங்கள் பாஷையில் லிஃப்டர். பிறகு ஒரு தொழிற்சாலை அணி: பகலில் வேலை, மாலையில் பயிற்சி. ஆனால் அங்கே நீங்கள் இரண்டாவது லிஃப்டர். ஒரு சர்வீஸ் போட உள்ளே கூப்பிடுவார்கள், போட்டதும் வெளியே வரச் சொல்வார்கள். வருடக்கணக்காக அப்படியே ஓடி, கடைசியில் தொழிற்சாலை அணியையே கலைத்துவிட்டது. "ஒன் சர்வீஸ், சேஞ்ச். ஒன் சர்வீஸ், சேஞ்ச்," என்று பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து காட்டினீர்கள். நாங்கள் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள், ஆனால் ஒரு முழு ஆட்டம் ஆடாமல் ஊருக்குப் போக மனமில்லை என்பது உங்கள் முகத்திலேயே தெரிந்தது.

கேம்புகளுக்கு இடையே போட்டி வந்தது. கேம்பில் தூங்குகிறவர்கள்தான் கேம்புக்கு ஆடலாம் என்று விதி. நீங்களோ வில்லாவில் ஏசியும் சோபாவுமாக இருக்கும் எஞ்சினியர். போச்சு என்று நினைத்தோம். மறுநாளே பெட்டியும் தலையணையுமாக எங்கள் ரூம் வாசலில் நின்றீர்கள்! காலியாக இருந்தது மேல் கட்டில் மட்டும்தான். உங்கள் கால்கள் அதற்கு வெளியே தொங்கின. நாங்கள் எழுந்திருக்கும்போதெல்லாம் எங்கள் தலையில் இடித்தன. மெஸ்ஸில் ரசத்தைக் கிண்ணத்தோடு தூக்கி சூப் மாதிரி உறிஞ்சினீர்கள். ஒரு வாரத்தில் 'சார்' போய் 'அண்ணன்' ஆகிவிட்டீர்கள்.

மைதானத்தில் நாங்கள் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்குவோம். நீங்கள் இடுப்பு வரை குனிந்துவிட்டு இறங்குவீர்கள். பந்துக்கு அடியில் போனதும் "இப்போ!" என்று ஒரு கத்தல். கத்தியதும் அந்தோணி எகிறுவான், பந்து அவன் கையில் போய் உட்காரும். எதிரணி நிமிர்வதற்குள் பாயிண்ட். எங்களுக்காகத் தமிழ் படித்திருக்கிறீர்களே என்று உருகிப்போனோம். "எங்கூர்ல இப்பம்னுதான் சொல்லுவோம். அண்ணன் மெட்ராஸ் தமிழ் படிச்சிருக்காரு போல," என்றான் அந்தோணி.

அப்படியே இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். ஆளுக்கு இரண்டு செட். கடைசி செட்டில் எதிரணி ஜெயிக்க இன்னும் ஒரே பாயிண்ட். உங்கள் முட்டி வீங்கியிருந்தது. மாற்று ஆளை இறக்கலாமா என்று நான் கேட்டதற்கு, அத்தனை நாளில் முதல்முறையாக என்னை முறைத்தீர்கள். சர்வீஸ் வந்தது. பின்னாலிருந்து நான் எடுத்துக் கொடுத்த பந்து மேலே போய்க்கொண்டிருக்கும்போதே கத்திவிட்டீர்கள். அந்தோணி எகிறினான், காற்றை அடித்தான், இறங்கினான். அதற்குப் பிறகுதான் பந்து வந்தது, அவன் காலடிக்கு.

"ஏம்ணே இப்போன்னு சொன்னிய? பந்து எங்கயோல்லா கெடந்துச்சு!"

"இப்போ? நோ, நோ. இப்போன்! ஒன்! திஸ் ஒன் பாயிண்ட்!"

இந்த ஒரு பாயிண்ட், விடாதே என்று உங்கள் ஊரில் கத்துவதாம். தமிழில் 'இப்போ' என்றால் என்ன என்று கேட்டீர்கள். சொன்னேன். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டீர்கள். நாங்கள் உங்கள் தமிழைக் கேட்டு எகிறியிருக்கிறோம். நீங்கள் எங்கள் அவசரத்தைப் பார்த்துப் பந்தைச் சீக்கிரம் கொடுத்திருக்கிறீர்கள். ஒருவருக்கும் ஒன்றும் புரியாமலேயே இறுதி ஆட்டம் வரை வந்திருக்கிறோம்! கோப்பை வாங்கியவர்கள்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள். அந்தோணிதான் அழுதான். அவன் தோளைப் பிடித்து உலுக்கி, "ஃபுல் மேட்ச்! நோ சேஞ்ச்!" என்றீர்கள். மெஸ்காரரிடமும் சொன்னீர்கள், கேட்டில் நின்ற வாட்ச்மேனிடமும் சொன்னீர்கள். தோற்றுவிட்டு இவ்வளவு சந்தோஷப்படுகிற மனிதரை அவர் பார்த்ததே இல்லை. நானும்தான்.

இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஆட்டம் இருக்கிறது. அணியில் என்னைத் தவிர எல்லாரும் இளவட்டம். "நீங்க உக்காருங்கண்ணே, முட்டி போயிரும். கடைசியில ஒரு சர்வீஸுக்குக் கூப்பிடுறோம்," என்று நேற்று ஒருவன் பரிவாகச் சொன்னான். ஒரு சர்வீஸுக்காம்! யாரிடம் வந்து சொல்கிறான் பாருங்கள். இரண்டு முட்டியிலும் ஒட்டிக்கொண்டேன். கோட்டைத் தொட்டு ஒற்றிக்கொண்டு, உங்களுக்காக ஒருமுறை இடுப்பு வரை குனிந்துவிட்டு, முதல் விசிலுக்கே இறங்கப் போகிறேன்.

நோ சேஞ்ச், அண்ணே.