எட்டு மணி மாத்திரை

ஜூன் 9

சாரல் தொடங்கிவிட்டது. எங்கள் அறையை மாமா அருவிச் சீசனுக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். இனி ஆகஸ்டு முடியும்வரை மாமா, அத்தை, அவர்கள் மகள் மஞ்சு, அம்மா, நான், எல்லாரும் ஒரே கூடத்தில். அம்மா மெஸ்ஸில் வேலை முடிந்து வரப் பத்தாகிறது. எட்டு மணிக்கு நான் மட்டும் எங்கே போய் மாத்திரை போடுவேன்? டப்பாவை எடுத்தாலே சலசலக்கிறது.

இந்த நோட்டில் மட்டும் எழுதுகிறேன். எச்.ஐ.வி. எனக்கும் அம்மாவுக்கும். அப்பாவுக்கும் இருந்தது, அதில்தான் போனார். அத்தைக்குத் தெரிந்தால் அன்றைக்கே வெளியேதான்.

ஜூன் 12

மூன்று நாளாகப் போடவில்லை.

ஜூன் 15

பாவூர்சத்திரத்தில் இருந்தபோது எட்டு மணிக்காகக் காத்திருப்பேன். மார்க்கெட்டில் டெம்போவை விட்டுவிட்டு அப்பா வருவார். சட்டையெல்லாம் வெங்காய வாசம். கதவைச் சாத்தி மூன்று டம்ளர் எடுத்து வைப்பார்.

“பார் தொறந்தாச்சு, வாங்க.”

“பிள்ள முன்னால என்ன பேச்சு பேசுதீய” என்று அம்மா சிரிப்பாள்.

டம்ளரை இடித்துக்கொண்டு ஒன்றாக விழுங்குவோம். எல்லார் வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் அப்பா கேரளா லோடு போக ஆரம்பித்தார். கூட வருகிறவர் பார்த்துவிடுவார் என்று டப்பாவை எடுத்துப்போகவே மாட்டாராம். படுக்கையில் விழுந்த பிறகுதான் சொன்னார்.

ஜூன் 24

இன்று அடுப்படியில் மஞ்சு பார்த்துவிட்டாள்.

“என்ன மாத்திரைட்டி?”

“ரத்தம் கம்மியாம். சத்து மாத்திரை.”

“அப்ப எனக்கும் ஒண்ணு தா. நானும் ஒன்ன மாதிரி சதை போடணும்லா.”

கையை நீட்டிவிட்டாள். தவறியதுபோல் சாக்கடையில் போட்டேன்.

ஜூலை 8

திருநெல்வேலிக்குப் போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தோம். தென்காசி ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம், ஆனால் அங்கே அத்தையின் தங்கை வேலை பார்க்கிறாள். போன மாதமே போயிருக்க வேண்டும். மெஸ்காரர், “சீசன்ல லீவு கேட்டா அப்படியே நின்னுக்கோ” என்றாராம்.

மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள் என்று தெரியும். பதினேழு இருந்தது. நேற்றே ஓடையில் கொட்டிவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. ஏன் இப்படிச் செய்தேன்?

ஆகஸ்டு 5

வரச்சொல்லிப் போன் வந்தது. ஆலோசகர் முத்துவடிவு மேடம் தாளைப் பார்த்துவிட்டு, “கிருமி கூடியிருக்கு. இப்படியே போனா இந்த மாத்திரை கேக்காது” என்றார்.

“இவ ஒழுங்காத்தான் போடுதா மேடம்” என்றாள் அம்மா.

அப்பாவும் இதே அறையில் ‘ஒழுங்காத்தான் போடுதேன்’ என்றுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இல்ல மேடம். பாதி நாள் போடல. எட்டு மணிக்கு எல்லாரும் அங்கனதான் இருக்காங்க.”

“எட்டு மணின்னு யாரு சொன்னா?”

“அப்பா.”

“அது பழைய மாத்திரைக்கு. தலை சுத்தும், அதான் ராத்திரி. இத எப்பம் வேணும்னாலும் போடலாம். தினம் ஒரே நேரமா இருந்தாப் போதும். மாத்துனப்பவே சொன்னேம்லாம்மா?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“சொன்னீய மேடம். அவுக வச்ச நேரம். மாத்த மனசு வரல.”

பஸ் ஆலங்குளம் தாண்டும்வரை அம்மா என் கையை விடவில்லை. திட்டவும் இல்லை.

ஆகஸ்டு 6

காலை ஆறு மணி. மெஸ்ஸுக்குப் போகிற அம்மாவோடு, தண்ணீர் பிடிக்கிற சாக்கில் நானும் போனேன். குழாயடியில் ஒரே குடைக்குள் நின்று இருவரும் போட்டுக்கொண்டோம். அப்பாவை விட்டுவிட்டுச் சாப்பிட்டதுபோல் இருந்தது.

ஆகஸ்டு 19

ஒரு நாளும் விடவில்லை.

நவம்பர் 10

கிருமி மிகவும் குறைந்துவிட்டதாம். இதே மாத்திரை போதும் என்றார் மேடம். அம்மா பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தாள்.

அறை எங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு எட்டு மணிக்கே போடலாம்தான். ஆனால் கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சாமிகள் வருவார்கள், அறை மறுபடி போகும். ஆறு மணியே இருக்கட்டும் என்றேன். அம்மா சரி என்றாள்.

இன்று மஞ்சுவோடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஒன்பதே கால். எட்டு மணி வந்து போனது எனக்குத் தெரியவே இல்லை. முதல்தடவை.

“என்னட்டி முழிக்க?” என்றாள் மஞ்சு. “அடுத்த கணக்கப் போடு.”

போட்டேன்.