ஒன்பது முப்பத்தைந்தின் சிவப்புக் குறி

16-6-1969, திங்கள்

இன்று முதல் மாலை வகுப்பு. நாற்பத்தொரு வயதில் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தேன். பள்ளி விட்டதும் ஓட்டமாக ஓடித் தாம்பரத்தில் வண்டி பிடித்து, சைதாப்பேட்டையில் இறங்கி, வகுப்பில் நுழையும்போது மூச்சு வாங்கியது. எம்.எட். முடித்தவர்களுக்குத்தான் தலைமையாசிரியை நாற்காலி என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. இப்போது அதில் இருக்கும் ரத்தினபாய் அம்மா இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். என் டைரியில் எழுத என்ன வெட்கம்? வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் ரசமும் அப்பளமும் தயாராக இருந்தன. "வாங்க ஸ்டூடண்ட், ஹோம்வொர்க் உண்டா?" என்றார் என் வீட்டுக்காரர். இந்தக் கிண்டலுக்கு ஒன்று வைக்கலாம் போல இருந்தது. ஆனால் ரசம் நன்றாக இருந்தது. இரண்டு தம்ளர் குடித்தேன்.

2-9-1969

ஆய்வேட்டுக்குத் தலைப்பு முடிவாயிற்று. பள்ளிக்குத் தாமதமாக வரும் பிள்ளைகள், அதற்கான காரணங்கள். பேராசிரியர் சுந்தரராமன் சார் சரி என்றார்.

வீட்டில் சொன்னேன். "அப்போ முதல் கேஸ் நான்தான்" என்று சிரித்தார். உண்மைதானே. எங்கள் பள்ளியிலேயே டிராயிங் மாஸ்டர். அசரியா சார் என்றால் பிள்ளைகளுக்கு உயிர். முன்பெல்லாம் எனக்கு முன்னால் போய் நிற்பவர், இந்த இரண்டு வருஷமாக மணி அடித்த பிறகுதான் சைக்கிளில் வந்து இறங்குகிறார். நான் எட்டரை பஸ்ஸுக்குச் செம்பாக்கத்தில் நின்றுவிடுவேன். அதற்கப்புறம் அப்படி என்னதான் செய்கிறார்? கேட்டால் சிரிப்பு. டீக்கடையில் அரட்டையாக இருக்கும்.

13-1-1970

திரும்பும் வண்டியில் தூங்கிவிட்டேன். அந்த வண்டிக்குத் தாம்பரம்தான் கடைசி, பிழைத்தேன்.

24-7-1970

சுந்தரராமன் சார் இன்று பள்ளி நிர்வாகம் எடுத்தார். ஒருவர் எந்த விதியை மீறுகிறாரோ, அந்த விதியைக் காக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்துப் பாருங்கள் என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டோம். சார் எங்கள் வீட்டு ஆளைப் பார்த்ததில்லை.

2-11-1970, திங்கள்

தலைமையாசிரியர் பயிற்சி தொடங்கியது. பதினைந்து வேலை நாள் ஒரு பள்ளியை நடத்திக் காட்ட வேண்டும். ரத்தினபாய் அம்மா தன் நாற்காலியையே கொடுத்தார். "உட்காரும்மா, ஆடும், பயப்படாதே" என்றார். உண்மையிலேயே ஒரு கால் ஆடுகிறது.

எங்கள் பள்ளி வழக்கம் இது. ஒன்பதரைக்கு மணி. ஒன்பது முப்பத்தைந்துக்கு ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, கையெழுத்து இல்லாத கட்டங்களில் தலைமையாசிரியை சிவப்பு மசியால் ஒரு குறி போடுவார். பிந்தி வருபவர் அதன்மேலேயே கையெழுத்துப் போட வேண்டும். மூன்று சிவப்பு சேர்ந்தால் அரை நாள் லீவு போச்சு.

இரண்டு கட்டம் காலி. ஒன்று அமலராணி டீச்சர், இன்னொன்று அவர். அமலராணிக்குக் குறி போட்டேன். அவர் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். பதிவேட்டை எடுக்க வந்த பியூன் கங்காதரன், "இன்னா டீச்சர், டிராயிங் சார் கட்டம் காலியா கீதே" என்றார். "பார்த்தேன், எடுத்துட்டுப் போங்க" என்றேன். ஏன் அப்படிச் செய்தேன்?

3-11-1970

ஆசிரியர் அறைக்குள் நுழைந்தேன், பேச்சு நின்றுபோனது. அமலராணி தலையைத் தூக்கவே இல்லை.

சற்று நேரத்தில் என் வீட்டுக்காரர் பதிவேட்டோடு என் மேஜைக்கு வந்தார். "அமலராணி டீச்சர் ரெண்டு நிமிஷம் லேட், சிவப்பு. நான் பத்து நிமிஷம் லேட், ஒண்ணுமில்லை. இது என்ன நியாயம் மேடம்?" மேடமாம். என் சிவப்புப் பேனாவை எடுத்து, நேற்றைய தன் கையெழுத்தின் மேல் தானே குறி போட்டார். "இன்னிக்குக் கட்டத்துல நீயே போடு" என்று மெதுவாகச் சொன்னார். போட்டேன். அவர் மேல் கோபமில்லை, என் மேல்தான்.

5-11-1970

நேற்றோடு மூன்று. அரை நாள் கழித்தாயிற்று. பயிற்சி முடிந்ததும் தாளாளர் ஐசக் ஐயர் பதிவேட்டைப் பார்ப்பார். சபைப் போதகர், தங்கமான மனிதர்தான், ஆனால் நேரம் என்றால் கத்தி. நாற்காலி யாருக்கு என்று சொல்லப்போவதும் அவர்தான்.

வீட்டில் கத்திவிட்டேன். "ஒரு அரை மணி முன்னாடி கிளம்பினா குறைஞ்சா போயிடுவீங்க? நான் இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கிறேன், நீங்க டீக்கடையில நின்னுக்கிட்டு என் பொழப்பைக் கெடுக்கிறீங்க" — என்னென்னவோ. அவர், "சாப்பிட்டுட்டுத் திட்டு, ஆறிடும்" என்றார். அதோடு சரி. இந்த மனுஷனோடு சண்டை கூடப் போட முடியவில்லை.

10-11-1970, செவ்வாய்

இதைப் பொறுமையாக எழுத வேண்டும்.

பஸ் ஸ்டாப்பில் நின்ற பிறகுதான் பயிற்சிக் குறிப்பேட்டை மேஜைமேல் விட்டது நினைவுக்கு வந்தது. திரும்பி ஓடினேன். முன்கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. அடுப்படியில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்காய் நாரும் சாம்பலுமாக இட்லிக் கொப்பரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கீர்த்தனை ஒன்றை முனகியபடி, நான் நிற்பது தெரியாமல். சாயங்காலம் முந்தி வந்து தேய்க்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டவ்வைத் தொட்டுப் பார்த்தார். பின்கதவைப் போட்டார். திரும்பி வந்து மறுபடியும் தொட்டார். ஜன்னலைச் சாத்தினார். இன்னொரு தரம் தொட்டார்.

மூன்று வருஷம் முன்னால், ஸ்டவ்வை அணைக்காமல் நான் பஸ் ஏறிவிட்டேன். அடுப்படித் திரை எரிந்து சுவரெல்லாம் கரி. அன்று அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்துதான் பிந்தி வருகிறார். இது எனக்கு இன்றுவரை உறைக்கவில்லையே! நான் நேரத்துக்கு வருவதே அவர் பிந்தி வருவதால்தான்.

சத்தமில்லாமல் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த பஸ் உடனே கிடைத்தது. ஒன்பது முப்பத்தைந்துக்கு அவர் கட்டத்தில் சிவப்புக் குறி போட்டேன். போடாமல் இருந்தால் அவருக்குப் பிடிக்காது. அப்புறம் ஸ்டோர் ரூமுக்குள் போய் அழுதேன்.

30-11-1970

நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகளிடம் எத்தனை மணிக்கு எழுந்தாய், எவ்வளவு தூரம், ரயில்வே கேட் மூடியிருந்ததா என்றெல்லாம் கேட்டு எழுதியிருக்கிறேன். ஒரு கேள்வியை விட்டுவிட்டேன். நீ பிந்தி வருவதால் உன் வீட்டில் யார் நேரத்துக்குப் போகிறார்கள்? எல்லோரிடமும் மறுபடியும் கேட்கிறேன்.

எட்டாம் வகுப்பு குப்பம்மா சொன்னாள்: "எங்கம்மா மீன் எடுக்க மொத வண்டிக்குப் போயிடும் டீச்சர். தம்பிக்குக் கஞ்சி ஊத்தி பால்வாடியில வுட்டுட்டு வரேன்." இந்தப் பெண்ணை எத்தனை நாள் வெயிலில் நிறுத்தியிருக்கிறேன்.

"இந்தக் கேள்வி எங்கேம்மா கிடைச்சுது?" என்றார் சுந்தரராமன் சார். எங்கள் வீட்டு அடுப்படியில் என்றேன்.

17-4-1971, சனி

நிர்வாகக் குழு. ஐசக் ஐயர் பதிவேட்டை விரித்து வைத்திருந்தார்.

"பதினஞ்சு நாள்ல பன்னிரண்டு சிவப்பு. சொந்த வீட்டுக்காரரையே நேரத்துக்கு வரவைக்க முடியலைன்னா, மத்தவங்களை எப்படிம்மா நடத்துவீங்க? அவரைக் காட்டாங்குளத்தூர் பக்கம் நம்ம இன்னொரு ஸ்கூலுக்கு மாத்திடுவோம். அடுத்த நிமிஷம் உங்களுக்கு ஆர்டர்."

சரி என்றால் நாற்காலி. இரண்டு வருஷ ரயில், தூக்கமில்லாத பரீட்சை, எல்லாவற்றுக்கும் பலன். மாற்றல் பேச்சு முன்பே காதில் விழுந்திருந்ததால் அவரும் நேற்றே, "மாத்தினா மாத்தட்டும், நீ வாயைத் திறக்காதே" என்று சொல்லித்தான் அனுப்பினார். அன்று அடுப்படியில் நான் பார்த்ததை அவரிடம் எப்போதோ சொல்லிவிட்டிருந்தேன்; பாத்திரம் தேய்க்கும் விஷயம் சபைக்குத் தெரிய வேண்டாமாம்.

திறந்துவிட்டேன். "அந்தப் பன்னிரண்டு சிவப்பும் என்னுடையதுங்க ஐயர். வீட்டில் என் வேலையை அவர் செய்வதால்தான் நான் மணிக்கு வருகிறேன். அவரை மாற்றித்தான் நாற்காலி என்றால் எனக்கு வேண்டாம்."

ரத்தினபாய் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசித்துச் சொல்கிறோம் என்றார்.

வீட்டில் சொன்னேன். "மானத்தை வாங்கிட்டியே" என்றார். அப்புறம் வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

22-5-1971

எம்.எட். தேறிவிட்டேன். ஆர்டரும் வந்தது! இருவரும் ஒரே பள்ளியில். ஆனால் முதல் பருவம் பரீட்சார்த்தமாக. பதிவேட்டை மாதாமாதம் ஐயர் பார்ப்பார்.

13-6-1971, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும் வழியில் சொன்னேன்: நாளையிலிருந்து வருகைப் பதிவேடு உங்கள் பொறுப்பு, சிவப்புப் பேனாவும் உங்களிடம்தான். "என்கிட்டயா?" என்று நின்றேவிட்டார். சுந்தரராமன் சார் பாடம் என்றேன். "அப்போ நான் ஒன்பதுக்கே போகணுமே, வீட்டை யார் பூட்டுறது?" நான் பூட்டுகிறேன் என்றேன். பெரிய வேலையா?

14-6-1971, திங்கள்

அவர் எட்டேகாலுக்கே போய்விட்டார். இட்லிக் கொப்பரையில் அடிப்பிடித்திருந்தது. சேலையில் சாம்பல் பட்டுவிட்டது, வேறு மாற்றினேன். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் வந்தால் ரயில்வே கேட் மூடியிருக்கிறது.

பள்ளிக்குள் நுழையும்போது ஒன்பது நாற்பத்திரண்டு. "இன்னா டீச்சர், மொத நாளேவா?" என்றார் கங்காதரன்.

பதிவேடு என் மேஜைமேல் திறந்திருந்தது. பக்கம் முழுக்க நீல மசிக் கையெழுத்துகள். வரிசை எண் ஒன்று, என் பெயர், அந்தக் கட்டத்தில் மட்டும் சிவப்புக் குறி. சின்னதாக, திருத்தமாக, டிராயிங் மாஸ்டர் கை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

"ஸ்டவ்வை அணைச்சியா?" என்றார்.

"மூணு தரம் தொட்டுப் பார்த்தேன்" என்றேன். குறியின் மேலேயே கையெழுத்துப் போட்டேன்.