பெபிங்கா சுடாத கிறிஸ்துமஸ்

மட்காவ், கோவா,
ஜனவரி 4

அன்புள்ள எல்விரா,

என் கை நடுங்குகிறது, அதனால்தான் இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் பெபிங்கா கேக் சுடவில்லை என்று உன் அத்தை சொல்லியிருக்கிறாள். தவறு. இந்தக் கையெழுத்தைப் பார், எங்காவது நடுங்கியிருக்கிறதா?

பெபிங்காவை அடுக்கடுக்காகச் சுட்டெடுக்க எனக்கு ஒரு பகல் போதும். பக்கத்து வீட்டுப் பெர்பேத்துக்கு ஒன்றரை நாள் ஆகிறது, அப்படியும் அடி கருகிவிடுகிறது. ஆனால் அந்தப் பகலை நான் அடுப்புக்குக் கொடுத்தால், பரீட்சைக்கு என்னிடம் படிக்க வரும் ஆறு பெண்களின் கணக்குப் பாடம் போய்விடும். பெர்பேத் அடுப்பில் நின்றால் அவளுக்குப் போவது இரண்டு மதியத் தூக்கம்தான். அதனால் எனக்கும் சேர்த்து அவள் சுடுகிறாள். அவள் மகளுக்கு நான் கணக்கு சொல்லித்தருகிறேன்.

"டீச்சர், நீங்க சுட்டா இதவிட நல்லாத்தான் இருக்கும். ஆனா நான் கணக்கு சொல்லிக்குடுத்தா எம் பொண்ணு பெயிலுதான்!" என்று அவளே சிரிக்கிறாள். பொருளாதாரத்தில் முதல் வகுப்பில் தேறிய உனக்கு இது விளங்கவில்லையே!

எனக்கு முடியாமல் போய்விட்டது என்று நீயே முடிவுகட்டி, இந்த வீட்டை விற்க ஆள் பார்த்திருக்கிறாய். மும்பையில் உன் வீட்டில் நான் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு விலை அந்த ஆறு பெண்கள். அதை நான் கொடுக்கமாட்டேன்.

வாங்க வந்தவரிடம் வீடு விற்பனைக்கில்லை என்று சொல்லிவிடு. சொல்லிவிட்டதாக எனக்குக் கடிதம் எழுது. தொலைபேசி வேண்டாம்.

உன் அம்மா