மூக்குக்கும் பை-டூ

பொம்மனஹள்ளி,
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சங்கமித்ராவுக்கு,

நலம். என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால், பள்ளிக்கூடம் முடித்த பிறகு முதல் தடவையாகப் பேனா பிடிக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ராபர்ட்சன்பேட்டைக் கல்யாணப் பந்தியில், "என் வூட்டுக்காரி மூக்குல வுடுற தண்ணி செய்றா, அதுக்கும் சம்பளம் தர்றாங்க" என்று நான் சொன்னது தப்புதான். அதற்காக அக்கா வீட்டிலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்துகொள்வதா?

அதற்கு ஈடாக ஒரு காரியம் செய்திருக்கிறேன். காற்றில் வரும் சளிக் காய்ச்சல் கிருமி மூக்கில் ஒட்டாமலிருக்க நீங்கள் செய்யும் ஸ்ப்ரேயை எங்கள் குடோன் பக்கத்தில்தானே ஆட்களுக்குக் கொடுத்துச் சோதிக்கிறார்கள்? அதில் நானும் சேர்ந்து, குடோன் ஆட்கள் எல்லோரையும் சேர்த்துவிட்டேன். பொம்மனஹள்ளியில் பாதி மூக்கு என் ஏற்பாடு.

எப்போது வருகிறாய்? நான் சாம்பார் வைத்தால் ரசமாகிறது.

அன்புடன்,
தாஸ்

ஒக்கலிபுரம்,
14 ஆகஸ்ட் 2025

திரு. தாஸ் அவர்களுக்கு,

ஊழியரின் குடும்பத்தார் சோதனையில் சேரக் கூடாது. மனைவியைப் பற்றிக் கேட்டிருப்பார்களே, என்ன சொன்னீர்கள்?

இனி அதைப் பேசியும் பயனில்லை. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மேற்பார்வைக் குழு மட்டும் பிரித்துப் பார்த்தது. மற்ற இடங்களில் மருந்து நன்றாக வேலை செய்கிறது. பொம்மனஹள்ளியில் மட்டும் இரு தரப்புக்கும் ஒரே அளவு சளி. அங்கேதான் ஆட்கள் அதிகம், அதனால் மொத்தக் கணக்கும் கவிழ்ந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம். அநேகமாக மூடிவிடுவார்கள். நாலு வருஷ உழைப்பு. பந்தியில் நீங்கள் சொன்னதுதான் சரி, மூக்கில் விடுகிற தண்ணீர். நன்றாகச் சிரியுங்கள். நான் அழுது முடித்துவிட்டேன்.

சங்கமித்ரா

பொம்மனஹள்ளி,
18 ஆகஸ்ட் 2025

மித்ரா,

சிரிக்கவில்லை. சோறே இறங்கவில்லை. மனைவி கோபத்தில் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை, பாவம்.

ஒன்று சொல்ல வேண்டும். பாட்டில் கொடுத்த அன்றே, என்னோடு லோடு இறக்கும் நாகேஷ் கேட்டான்: "மச்சா, உனுக்கு மருந்து, எனுக்கு உப்புத் தண்ணின்னா இன்னாடா நியாயம்?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நாங்கள் ஒரு காபியையே பை-டூ சொல்லி ஆளுக்குப் பாதி குடிக்கிறவர்கள். அதே மாதிரி பாட்டிலையும் பை-டூ போட்டோம். இடது துவாரத்துக்கு என் பாட்டில், வலது துவாரத்துக்கு அவன் பாட்டில். யாருக்கும் நஷ்டமில்லை. எங்களைப் பார்த்து குடோனே ஜோடி ஜோடியாகச் சேர்ந்துகொண்டது. ஜோடி கிடைக்காத கோவிந்தன் மேனேஜரோடு சேர்ந்தார். நல்ல காரியம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

உன் கணக்கைக் கவிழ்த்தது நான்தானா? அப்படியானால் இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் படித்துக் காட்டு. என்னைத் திட்டினால் திட்டட்டும். உன் மருந்து நல்ல மருந்து. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை, மித்ரா.

தாஸ்

ஒக்கலிபுரம்,
23 ஆகஸ்ட் 2025

என்னங்க,

படித்துக் காட்டினேன். கடிதத்தில் கோவிந்தனும் மேனேஜரும் வந்த இடத்தில் எங்கள் தலைவர் வீணா மேடம், "அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு, மேசையில் கவிழ்ந்து சிரித்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொம்மனஹள்ளிக் கணக்கைத் தள்ளிவிட்டு வேறு இடத்தில் மறுபடி தொடங்கலாம் என்றார். குழுவும் ஒத்துக்கொண்டது. மூடவில்லை! வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து மறுபடி அழுதேன், இந்தத் தடவை சந்தோஷத்தில்.

சளி வராமலிருக்கக் கொடுத்த மருந்தை ஆளாளுக்கு மூக்கு மாற்றிச் செருகியிருக்கிறீர்கள். நினைத்தாலே குமட்டுகிறது. இனி வரும் ஆட்களுக்கு, "ஒரு பாட்டில், ஒரே மூக்கு" என்று கன்னடத்திலும் தமிழிலும் எழுதிக் கொடுக்கப் போகிறோம். அந்தப் புகழ் உங்களுக்கே.

சோதனையிலிருந்து உங்களை நீக்கியாயிற்று. அடுத்த ஞாயிறு காலை எங்கள் தெருமுனை தர்ஷினி ஓட்டலுக்கு வாருங்கள். பெட்டியோடு நிற்பேன். ஒரு காபிதான் சொல்வேன். இனி பை-டூ எல்லாம் என்னோடு மட்டும்.

போன் பிளாக்கை எடுப்பதாக இல்லை. பேனா பிடித்தால்தான் உங்களுக்கு உண்மை வருகிறது.

உங்கள்,
மித்ரா