எரிமலைச் சாம்பலும் அலமாரி அளவும்

வீட்டுக்காரிக்கு,

அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. சோறு டப்பாவில் எடுத்துக்கொண்டேன்.

எரிமலைச் சாம்பலால் நம் விமானம் ரத்து என்று ஏர்லைன்ஸ் கம்பெனி தந்த கடிதத்தின் பின்பக்கம் அலமாரி அளவைக் கிறுக்கியது தப்புதான். தச்சன் புத்தி! நேற்று நீ கத்தியது நியாயம். அழித்துவிட்டேன், முன்பக்கம் பத்திரம். எழுந்ததும் இன்சூரன்ஸுக்கு அனுப்பு. இன்றோடு கெடு முடிகிறது, விட்டால், அங்கே மாட்டிக்கொண்ட நாலு நாளுக்குக் கொடுத்த ஹோட்டல் அறை வாடகை திரும்ப வராது.

பயணத்துக்கு முன்பே நீ பாலிசி எடுத்தபோது, "வானமா இடிஞ்சு விழப்போகுது?" என்று நக்கலடித்தேன். "விழுந்தா என்ன பண்ணுவீங்க தச்சரே?" என்றாய். மலை புகைந்த பிறகு எடுத்தவர்களுக்கு ஒன்றும் கிடையாதாம்; நாலு நாளும் விமான நிலையத் தரையில் கிடந்தார்கள். நாம் மெத்தையில் படுத்தோம்.

தாளில் இடம் போதவில்லை, இருந்தாலும்: மரத்தூளில் படுத்து வளர்ந்தவன் நான். என் முதுகுக்காக முன்கூட்டி யோசித்த முதல் ஆள் நீதான்.