அம்மனுக்குப் போன கம்பி

அக்கா,

இன்று சாயங்காலம் கோயிலில் பூசாரி விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது உன் கம்பி. ஒரு முனை வளைந்த, விரல் நீள எஃகுக் கம்பி. புகையில் கறுத்திருக்கிறது, துருப்பிடிக்கவில்லை. உன் எலும்பைப் பிடித்து நிறுத்த வந்தது, இத்தனை வருடமாகத் திரியைப் பிடித்து நிறுத்துகிறது. நம் தேயிலைத் தோட்டத்தில் நிரந்தர வேலை கிடைத்த சிலரில் அதுவும் ஒன்று.

மேல்மலையிலிருந்து கூடையோடு இறங்கும்போது மழையில் படி வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தாய். மணிக்கட்டு முள்ளுக்கரண்டி போல வளைந்து நின்றது. கொழுந்து லொறியில் உன்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"வெறும் மாவுக்கட்டுக்கு இது நிக்காது. சரிஞ்சு போம். ரெண்டு கம்பி குத்தித்தான் பிடிக்கவேணும்."

"கம்பியா? என்னங்க ஐயா, வேலியா அடிக்கப் போறீங்க?" என்றாய் நீ.

அவர் சிரிக்கவில்லை. "ஓம், வேலிதான். ஆறு கிழமைக்கு ஒருத்தரும் அந்த வேலியைத் தொடப்படாது. பிறகு நானே கழட்டி விடுவன்."

அவர் அந்தப் பக்கம் போனதும் என் காதருகே குனிந்தாய். "டேய் தம்பி, அவரு பேசுறது தமிழா?"

"தமிழ்தான் அக்கா."

"அப்ப நாம பேசுறது?"

பள்ளிக்கூட வாத்தியாரான நான் எக்ஸ்ரே படத்தை உறைக்குள் போட்டேன்.

மயக்கம் கொடுத்து, தோலுக்கு மேலிருந்தே எலும்புக்குள் இரண்டு கம்பிகளைக் குறுக்காகச் செலுத்தி, வெளியே நின்ற முனைகளை வளைத்து, மேலே மாவுக்கட்டுப் போட்டார்கள். மறுநாள் டாக்டர் விரல்களை ஆட்டச் சொன்னார். நீ பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காற்றில் ஒரு கொழுந்து கிள்ளினாய். "உதுதான் எனக்கு வேணும்," என்றார் அவர். அவர் சிரித்ததை அன்று ஒருநாள்தான் பார்த்தேன்.

ஆனால் அதற்கு முன்பே, லொறியிலேயே, கை சரியானால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று நீ நேர்ந்துகொண்டிருந்தாய்.

திருவிழாவுக்கு நாள் பார்ப்பது பஞ்சாங்கம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். நம் தோட்டத்தில் மேனேஜர் துரை பார்ப்பார். கொழுந்து குறைந்த வாரம் எதுவோ, அதுவே அம்மனுக்கு உகந்த வாரம். அந்த வருடம் கொழுந்து முந்திக் குறைந்தது. அம்மனும் முந்தி வந்தாள். டாக்டர் சொன்ன தவணையில் பாதிகூடக் கழிந்திருக்கவில்லை.

காப்புக் கட்டும் நாளில் பூசாரி உன் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தார்.

"பொம்பளைக்கு இடது கையிலதான் காப்பு. இந்தச் சுண்ணாம்புக்கா கட்டுறது? உடம்புல படணும்."

"வலது கையில் கட்டுங்களேன்," என்றேன்.

"அது ஆம்பளைக்கு. மாஸ்டர் இதெல்லாம் படிக்கலியா?"

"அடுத்த வருஷம் எடுக்கட்டும்."

நீதான் குறுக்கே வந்தாய். "நேந்தது நேந்ததுதான்டா. அம்மாகிட்டப் போயி தவணை கேக்கச் சொல்றியா?"

மாவுக்கட்டை நனைத்து, கத்தியால் பிளந்து எடுத்தார்கள். உள்ளே கம்பி முனைகளைக் கண்டதும் கூட்டம் பின்வாங்கியது. உடம்புக்குள் இரும்பை வைத்துக்கொண்டு சட்டியைத் தொடுவது தீட்டு என்றார் பூசாரி. அவருக்குப் பக்கத்திலேயே ஒருவன் அடுத்த நாள் கன்னத்தில் குத்தப்போகும் அலகை எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் அதைக் காட்டினேன்.

"அது பூசாரி குத்துறது," என்றார் அவர் பொறுமையாக. "இது டாக்டரு குத்துனது."

இதற்கு மேல் வாதம் இல்லை. லொறி டிரைவர் ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை மஞ்சள் தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்தான். "வேணாம் அக்கா," என்றேன். "சும்மா இருடா. நீ பேசப் பேசத்தான் வலிக்குது," என்று சொல்லிக் கையை நீட்டினாய். முதல் கம்பி வந்து பூசாரியின் தட்டில் விழுந்தது. இரண்டாவது வரும்போது உன் கண்கள் மேலே செருகின. அருள் வந்துவிட்டது என்று பெண்கள் குலவையிட்டார்கள்.

மறுநாள் இரண்டு கையாலும் சட்டியை ஏந்தினாய். கோயிலை மூன்று முறை சுற்றினாய். கீழே போடவில்லை. கை உள்ளே மெல்லச் சரிந்துகொண்டிருந்ததை உன் முகத்தில் தேடினேன். அங்கே ஒன்றும் இல்லை.

வீக்கம் வடியாமல் பதுளைக்குத் திரும்பப் போனபோது, டாக்டர் கையைப் பார்த்துவிட்டு உன்னைப் பார்த்தார்.

"எங்க கம்பி?"

"அம்மனுக்குக் குடுத்துட்டேங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "எலும்பு சரிஞ்சு ஒட்டத் தொடங்கீட்டுது. இனிப் பெரிசா ஒண்டும் செய்யேலாது," என்றார் என்னிடம். உன் விரல்களை மறுபடி ஆட்டச் சொன்னார். பெருவிரல் வந்தது. சுட்டுவிரல் பாதி வழியில் நின்றது.

கங்காணி நியாயஸ்தர். அரைக் கைக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, போட்டார். கொழுந்து உன்னை விட்டுப் போனது. கூட்டுவதும் பெருக்குவதும் மிஞ்சின. வளைந்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கடைசி ஆளாக நிற்பாய். ஆனால் ஒவ்வொரு திருவிழாவிலும் மறுபடி நேர்ந்துகொண்டாய், அதே கைக்காக, அதே சட்டியை. "அம்மாவுக்கு ஆயிரம் வேலை. நாமதான் ஞாபகப்படுத்தணும்," என்பாய். போன மழைக்காலத்துச் சளி நெஞ்சில் இறங்கி, நாட்டு வைத்தியர், தோட்டத்து மருந்து எல்லாவற்றுக்கும் போக்குக் காட்டிவிட்டு உன்னைக் கொண்டுபோனது. கிடத்தியபோது இரண்டு கைகளையும் நெஞ்சில் சேர்த்துக் கட்டப் பார்த்தார்கள். இடது கை படியவில்லை. கடைசியில் அப்படியே விட்டுவிட்டார்கள்.

இன்று பூசாரி என்னை எதற்கு வரச் சொன்னார் தெரியுமா? போன வருடம் நேர்ந்ததை நீ தீர்க்காமல் போய்விட்டாயாம். கூடப் பிறந்தவன் தீர்க்க வேண்டுமாம்.

"கை சரியானால் என்றுதானே நேர்ந்தாள்? சரியாகவில்லையே," என்றேன்.

"சரியாக்குறதும் ஆக்காததும் அம்மா பாடு. நேந்தது நம்ம பாடு, மாஸ்டர்."

இந்த ஆளிடம் நான் இரண்டாவது முறையாகத் தோற்றேன். நாளைக்குச் சட்டி எடுக்கிறேன் அக்கா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எதுவும் கேட்கப் போவதில்லை. கேட்பதற்கு இருந்த கையைப் புதைத்தாயிற்று.

வலது கையை நீட்டினேன். பூசாரி மஞ்சள் கயிற்றைச் சுற்றி முடிந்தார். முடிச்சுக்குள் நுனியைச் செருக விரல் நுழையவில்லை. விளக்கடியிலிருந்து உன் கம்பியை எடுத்து, அதால் நுனியை முடிச்சுக்குள் தள்ளி, என் மணிக்கட்டோடு அழுத்தினார். விளக்குச் சூடு அதில் இன்னும் இருந்தது.