மணியத்துக்கு வெள்ளிக்குள் பதில்

16.9.97, செவ்வாய்

புகைமூட்டம். எதிர்வீட்டுக் கூரையே தெரியவில்லை. வேலைக்கு பஸ்ஸில், பத்து பெரண்டாம் தொழிற்பேட்டை வரை நின்றுகொண்டே.

நேற்று செல்வி வேலை முடிந்து டுரியான் துங்கால் தோட்டத்திலிருந்து திரும்பும்போது கார் நடுவழியில் நின்றுவிட்டது. எஞ்சின் சூடேறி இறுகிப்போச்சு. பதினெட்டு வருடக் கார். “சூடு காட்டுற முள்ளு ஏறவே இல்லங்க,” என்றாள். பெண்டாட்டியே பொய் சொல்கிறாள் என்று பட்டறையில் எல்லார் முன்னாலும் கத்தினேன்.

மெக்கானிக் மணியம்: “வேற எஞ்சின் போடலாம். இல்லாட்டி பழைய இரும்புக்குக் குடுத்துருங்க. ஜப்பான் எஞ்சின் ஒண்ணு வந்திருக்கு. வெள்ளிக்குள்ள சொல்லுங்க லா, இன்னொரு ஆளும் கேக்குறாரு.”

வாங்க: கொசுவத்தி, நல்லெண்ணெய், புகைக்கு மூக்குத் துணி 4.

17, புதன்

காரை விட்டால் செல்வி வேலை போச்சு. தோட்டத்துப் பாலர் பள்ளிக்கு உள்ளே பஸ் கிடையாது. அவள் லைசென்ஸே மூன்றாம் தடவைதான் பாஸ். எஞ்சின் மாற்றட்டுமா என்று கேட்டேன்.

“உங்க காடி, உங்க இஷ்டம். நான் இனிமே தொட மாட்டேன். வேலையிலேருந்து நின்னுக்கிறேன்.”

கேன்டீனில் ராஜுவிடம் சொன்னேன். “பொம்பளைங்க கையில குடுத்தா அப்படித்தான் லா.” நானும் சிரித்தேன். மாலையில் அக்காவுக்கு போன், அதே கதை. பிறகு மாமியாருக்கும் நானே. அவர் மகள் லட்சணம் அவருக்கும் தெரியட்டுமே.

தலைவலி. இருமல் வேறு.

18, வியாழன்

மணியம் பட்டறைக்கு வரச் சொன்னார். பேட்டரிக்குப் பக்கத்தில் துணிக்குள் ரேடியேட்டர் மூடி.

“யாரு கழட்டி வெச்சது? தண்ணி பூரா வெளிய போயிருக்கு. தண்ணி இல்லாட்டி முள்ளு ஏறாது. அவங்க என்னத்தப் பாக்குறது?”

ஞாயிறு தண்ணீர் ஊற்றியது நான். பாதியில் போன் அடித்தது. வந்து பானெட்டைச் சாத்திவிட்டேன். மூடி ஞாபகமே இல்லை.

வீட்டில் சொல்லிவிடாதீர்கள் என்றேன். மணியம் மூடியை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். வெட்கம். பேசாமல் எஞ்சினை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்?

19, வெள்ளி

புகை இன்னும் மோசம். வேலைக்கு லீவ். செல்வி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லி முடித்தேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

“யார் யார்கிட்ட என்னைப் பத்திச் சொன்னீங்க?”

ராஜு. அக்கா. உன் அம்மா. பட்டறையில் நின்ற மூன்று பேர்.

“எல்லார்கிட்டயும் போய், மூடிய மறந்தது நாந்தான்னு சொல்லிட்டு வாங்க. அப்புறம் எஞ்சினப் பத்திப் பேசலாம்.”

“போன்ல சொல்லட்டா?”

“நேர்ல.”

மணியத்திடம் சாயங்காலம் வரை நேரம் கேட்டிருக்கிறேன். முதலில் மாமியார், கஷ்டமானது முதலில் முடியட்டும். அவர் ஊர் ஜாசினுக்கு பஸ் ஒன்பதே காலுக்கு. சட்டை மாற்றியாச்சு. செல்வியும் செருப்பு மாட்டுகிறாள், நான் சரியாகச் சொல்கிறேனா என்று பார்க்க வேண்டுமாம்.